நொய்யலில் சென்சார் வைத்தால் சாயக்கழிவு நின்றுவிடுமா?

3 நவம்பர் 2024, காலை

“நொய்யல் நெடுகிலும் சில கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சென்சார் பொருத்தி, அது காட்டும் அளவுகளை எல்லோரும் கைபேசியில் பார்க்கும்படி செய்துவிட்டால் சாயக்கழிவு தானாக நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறை மாட்டிக்கொண்டு கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, படம் எடுத்துப் போடுவதற்கு மட்டுமே உதவும்.” இது நேற்று ஒரு வாசகர் வைத்த வாதம்.

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எந்தப் பாதி என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தெளிந்த நீராகப் புறப்படும் நொய்யல், கோவையில் வீட்டுச் சாக்கடையையும் திருப்பூரில் சாயப்பட்டறை, சலவைப்பட்டறைக் கழிவையும் வாங்கிக்கொண்டு, ஒரத்துப்பாளையம் அணையைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. வழியில் சேரும் அழுக்கு மூன்று வகை. குப்பை கண்ணுக்குத் தெரியும், அதைக் கையால் அள்ளலாம். சாக்கடை மூக்குக்குத் தெரியும், அதற்குக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். மூன்றாவது உப்பு. அது தண்ணீரில் கரைந்துவிட்ட பிறகு கண்ணும் மூக்கும் பயன்படுவதில்லை, அதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயத்தை அழித்தது இந்த மூன்றாவதுதான்.

எனவே அளக்க வேண்டும் என்று வாசகர் சொல்வது சரி. அளவைக் காட்டினால் கழிவு “தானாக” நின்றுவிடும் என்பதில்தான் எனக்குச் சண்டை. நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் ஷேடு, அதாவது நிறச்சாயல், பொருத்தும் வேலை பார்த்தவன். என் சொந்த ஊர் ஆற்றின் கீழ்ப்பக்கம், சென்னிமலைக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டு பக்கமும் உறவினர் இருப்பதால், இரண்டு பக்கமும் திட்டு வாங்குவேன் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

3 நவம்பர், இரவு

குப்பை பொறுக்குவோரைக் கேலி செய்ததை மட்டும் விட்டுவிட மனமில்லை. அதைப் பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: ஆற்றங்கரைக்கு வாரம் ஒருமுறை வருகிறவர்தான் தண்ணீரின் நிறம் எந்தக் கிழமை மாறுகிறது என்பதையும் முதலில் பார்க்கிறார்.

5 நவம்பர்

உப்பு எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். “சாயத்தில் உப்பு எதற்கு, சமையலா நடக்கிறது?” என்று ஒருவர். நல்ல கேள்வி.

பனியன் துணி பருத்தி. பருத்திக்கு இப்போது பெரும்பாலும் இழையோடு வேதிப்பிணைப்பில் சேரும் ரியாக்டிவ் சாயம்தான் ஏற்றுகிறார்கள். தண்ணீரில் போட்டதும் பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை உண்டாகிறது, சாயத்திற்கும் அதே தன்மை இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் துணியில் ஏறுகிறது. சாதாரண உப்பாகவும் இருக்கலாம், கிளாபர் உப்பு என்னும் சோடியம் சல்பேட்டாகவும் இருக்கலாம். கறுப்பு, நேவி நீலம், அடர்சிவப்பு போன்ற ஷேடுகளுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம், சில வேளை அதற்கு மேலும் தேவைப்படும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ எந்திரம் என்று வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 70 கிராம் என்று கணக்குப் போட்டால், ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு அரைக்கிலோவுக்கு மேல் உப்பு. பழைய வின்ச் தொட்டியில் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு செலவானது, உப்பும் அப்படியே.

இந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தை ஏற்றிவிட்டு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வருகிறது. சாயத்திலும் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டாமல் சோப்புக் கழுவலில் வெளியேறும். அந்தச் சாயம்தான் ஆற்றில் நமக்குத் தெரியும் நிறம்.

6 நவம்பர்

“இப்போது ஆற்றில் நிறமே இல்லை, ஆகவே ஆறு சுத்தமாகிவிட்டது” என்று எழுதிய நண்பருக்கு.

நிறத்தை நீக்குவது எளிது. குளோரின் கொடுத்தாலோ ஓசோன் செலுத்தினாலோ சாய மூலக்கூறு உடைந்து தண்ணீர் வெளிறிவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கசடாக இறக்குவது அதைவிடப் பழைய முறை. இவை எதுவும் உப்பைத் தொடுவதில்லை, சொல்லப்போனால் சேர்க்கும் இரசாயனங்களால் கரைந்த உப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். தெளிந்த தண்ணீர் வந்து, அதை நம்பித் தென்னைக்குப் பாய்ச்சி, இரண்டு மூன்று கோடைக்குள் குரும்பை உதிர்ந்து, காய் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்துப்போன தோப்பை நான் பார்த்திருக்கிறேன். வரப்பில் காலையில் வெள்ளை பூத்திருக்கும், வெயில் ஏறியதும் அது பொரிந்து செருப்பில் ஒட்டும். நிறம் இருந்த காலத்தில் அந்தத் தோட்டக்காரர் மடையை அடைத்துவைத்தார். நிறம் போனதும் திறந்துவிட்டார்.

ஆகவே நிறம் ஒரு வகையில் ஏமாற்றாத அடையாளமாக இருந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. இப்படி எழுதினால் நிறத்தோடு விடுங்கள் என்று கேட்பதாக யாராவது எடுத்துக்கொள்வார்கள், அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

9 நவம்பர்

நொய்யல் சாயக்கழிவு வழக்குகளின் வரலாற்றில் ஒருவர் ஆண்டுகளைக் கலந்துவிட்டார், ஆகவே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒரத்துப்பாளையம் அணை 1990-களின் தொடக்கத்தில், ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களின் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு (அணையின் பாசனப் பகுதி) விவசாயிகள், தண்ணீர் விடாதீர்கள் என்று போராடிய அணை அது. தேக்கினால் சுற்றுவட்டக் கிணறுகளில் உப்பு இறங்குகிறது, திறந்துவிட்டால் கீழே உள்ள நிலங்களுக்கும் காவிரிக்கும் போகிறது.

வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சூழல் இழப்பீட்டு ஆணையம், நொய்யல் படுகையையும் ஆராய்ந்தது. 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2004-இல் தீர்மானித்தது. பெரிய தொகையாகத் தெரியும், வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட இல்லை. ஒரு கிணற்றைத் தூர்வாரவும் அது போதாது, தூர்வாரினாலும் வருவது அதே உப்புத்தண்ணீர்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை உடனடியாக மூடச் சொல்லவில்லை. வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதம் விதித்தது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு 6,000 ரூபாய். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்து, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் வலியுறுத்தியது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால்தான், அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மூடல் 2011, அபராதம் 2006. இரண்டுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள்.

அந்த நான்கு ஆண்டுகளிலும் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் என்ற ஒன்று இல்லாமல் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இருந்தது, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் இருந்தது, சில நிலையங்களில் பொருத்தியும் வைத்திருந்தார்கள். ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை, ஓட்டினால் கட்டணம் ஏறும். கீழ்ப்பக்கத்து விவசாயிகள் கிணற்று நீரின் ஆய்வறிக்கைகளைச் சேர்த்துக் கட்டுக்கட்டாக நீதிமன்றத்தில் கொடுத்த பிறகே எந்திரங்கள் உண்மையில் சுற்றத் தொடங்கின.

10 நவம்பர்

“அப்படியானால் எந்திரத்தை ஓட்டவைக்கும் எந்திரம் விவசாயி என்கிறீர்களா?” என்று கேட்டவருக்கு: ஆம். அதற்கு மின்சாரம் வேண்டாம், வழக்கறிஞர் கட்டணம்தான் வேண்டும்.

14 நவம்பர்

கையில் வைத்து அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவைக் காட்டுவது) நம்பத்தக்கதா என்று கேட்டிருக்கிறார்கள். பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கருவி உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று திரையில் காட்டுகிறது. கால்சியமும் மக்னீசியமும் கூடிய கடினநீர்க் கிணறும் அதில் உயர்ந்த எண்ணைக் காட்டும், சாயக்கழிவு கலந்த கிணறும் காட்டும். நம் கொங்குப் பகுதியின் பாறைப்பாங்கான கிணறுகளில் இயல்பாகவே எண் கூடுதலாக இருக்கும் என்பதால், எண் ஏறியிருப்பதை மட்டும் வைத்துச் சாயப்பட்டறைமேல் பழிபோட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்வியில் உங்களை உட்காரவைத்துவிடுவார்.

ஆகவே எங்கள் ஊரில் இளைஞர்கள் சிலர் அளக்கத் தொடங்கியபோது மூன்று பழக்கங்களைக் கட்டாயமாக்கினோம். முதலாவது, வாரம் ஒருமுறை மின்கடத்துதிறன் 1,413 மைக்ரோசீமென்ஸ் என்று முன்பே தெரிந்த தரக் கரைசலில் மீட்டரைத் தோய்த்துச் சரிபார்ப்பது. இரண்டாவது, எண் ஏறினால் குளோரைடு சோதனையும் செய்வது. ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட்டுச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். அதில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும், எத்தனை சொட்டு ஆயிற்று என்பதே கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை. டி.டி.எஸ். 500, அதேபோல் 2,000 வரை. மூன்றாவது பழக்கத்தைப் பிடிக்கத்தான் மிகவும் பாடுபட்டோம். ஒரே ஒரு இடத்தில் அளக்கக் கூடாது, எப்போதும் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். மங்கலம் பாலத்தில் ஒன்று, அதாவது ஆறு திருப்பூருக்குள் நுழையும் முன்பு. காசிபாளையத்தைத் தாண்டி ஒன்று, அதாவது வெளியேறிய பின்பு. மழையோ சாக்கடையோ மேலிருந்து எது வந்தாலும் இரண்டு எண்ணிலும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் திருப்பூரின் பங்கு தெரியும்.

கயிற்றில் கட்டிய பாட்டிலைப் பாலத்திலிருந்து இறக்கி, ஆற்று நீராலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, நான்காவதாக மொண்ட தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். அலசாமல் மொண்டால் பழைய பாட்டிலின் உப்பும் கணக்கில் ஏறும். நுரைமேல் மொள்ளக் கூடாது. பாட்டிலில் எழுதும் நேரம் நிமிடத்தோடு இருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், பனி கொட்டும் அதிகாலையில் பாலத்தில் நிற்கும்போது பாதிப் பேர் அலசலை ஒன்றாகக் குறைத்துக்கொள்வார்கள்.

இந்தச் சோதனையைச் செய்ய வேதியியல் பட்டம் தேவையில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி அளிக்கிறார்கள், அந்தப் பெட்டியில் குளோரைடு சோதனையும் இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்கென்று கொடுத்த பெட்டியை ஆற்றுக்கும் கிணற்றுக்கும் எடுத்துச் செல்ல எந்தத் தடையும் இல்லை. எங்கள் பக்கத்தில் இதை மிகத் துல்லியமாகச் செய்கிறவர் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. சொட்டு எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

15 நவம்பர்

தீபாவளி விடுமுறையைப் பற்றி நேற்றே எழுத நினைத்து விட்டுவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு பனியன் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் அடைபட்டிருக்கும், வெளியூர்த் தொழிலாளர்கள் திரும்பும்வரை பட்டறைகளும் ஓடா. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கும் இந்த நாட்களைப் போல வேறொரு சோதனையைக் காசு கொடுத்தாலும் ஏற்பாடு செய்ய முடியாது. இந்த ஆண்டும் விடுமுறையில் இரண்டு பாலங்களின் எண்ணும் நெருங்கி வந்தன, பட்டறைகள் திறந்ததும் கீழ்ப்பாலத்தின் எண் விலகத் தொடங்கியது.

வேறுபாட்டின் முழுப் பழியையும் சாயப்பட்டறைகளின் தலையில் சுமத்துவதற்கு முன் ஒரு தயக்கம். விடுமுறையில் வீடுகளும் விடுதிகளும்கூடக் காலியாகின்றன, சாக்கடையும் குறைகிறது. குளோரைடு எண்ணையும் தனியே எடுத்துப் பார்த்தால் ஓரளவுக்குப் பிரிக்கலாம். ஆற்றின் அடியில் பழைய உப்பு தேங்கியிருக்கிற இடங்களும் உண்டு, மழைக்குப் பிறகு நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நீர் அதையும் கொண்டுவரும்.

16 நவம்பர்

இப்போது சென்சாருக்கு வருகிறேன், வாசகர் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

மாசு அதிகம் உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. அதன் பிறகு எண்கள் தொடர்ந்து வாரியத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே சென்சார் புதிய யோசனை இல்லை, 2014-இலிருந்தே இருப்பது.

நான் வேலை பார்த்த நாட்களில், பெயர் வேண்டாம், ஒரு நிலையத்தில் அளவு முனையை வாய்க்காலிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். வாளியில் நல்ல தண்ணீர். கருவி பொய் சொல்லவில்லை, வாளியை மிகச் சரியாக அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. பொறுப்பாளரிடம் கேட்டபோது, “முனையைக் கழுவப் போட்டிருக்கிறோம் தம்பி” என்றார். மாலைவரை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஏமாற்று இல்லாவிட்டாலும் சிக்கல் உண்டு. ஆற்றில் மூழ்கியிருக்கும் முனையில் சில நாட்களிலேயே வழுவழுவென்று படலம் படியும், அதன்பின் எண் மெல்ல இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு சுத்தமாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். மென்மையான துணியால் துடைத்தால் எண் மறுபடியும் ஏறும். வெள்ளத்தில் முனை மணலில் புதையும். சூரிய மின்தகட்டை யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள், மின்கலத்துக்கு ஊருக்குள் வேறு பயன்கள் பல உண்டு.

எனவே சென்சார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முனையைத் துடைக்க ஒரு ஆளும், அந்த ஆள் துடைக்கிறாரா என்று பார்க்கப் பாலத்தில் பாட்டிலோடு இன்னொரு ஆளும் இல்லாமல், சென்சார் தனியாக எதையும் நிறுத்தாது.

21 நவம்பர்

“நாங்கள் அளந்த எண்ணை வாரியத்துக்கு அனுப்பினோம், பதிலே இல்லை” என்று கரூர்ப் பக்கத்திலிருந்து எழுதிய நண்பருக்கு இது சற்று நீளமான பதில்.

1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, மாதிரி எடுக்கும் முறையை வகுத்திருக்கிறது. வாரிய அலுவலர், பட்டறைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, முறைப்படி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிதான் நீதிமன்றத்தில் அந்தப் பட்டறைக்கு எதிரான சான்றாக நிற்கும். நீங்கள் கயிற்றில் கட்டி மொண்ட தண்ணீர் எவ்வளவு சுத்தமாக மொண்டிருந்தாலும் அந்த இடத்தைப் பிடிக்காது. இதைக் கேட்டதும் பலர் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறது.

உங்கள் எண்ணின் வேலை வேறு. அலுவலர் எப்போது, எங்கே வர வேண்டும் என்பதை அது சொல்ல வேண்டும். அவர் வருவது பெரும்பாலும் பகலில், ஆறு மாறுவது இரவில். அதுவும் மழை இரவென்றால் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம், ஓடையில் வரும் வெள்ளமே எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே “எங்கள் ஆற்றில் சாயக்கழிவு கலக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்” என்ற மனு கோப்பில் உறங்கும். அதற்குப் பதிலாக, இன்ன ஓடை நொய்யலில் சேரும் இடத்தில், கடந்த வாரங்களில் இன்ன கிழமைகளில், இரவு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் எண் ஏறி, விடிவதற்குள் இறங்கிவிடுகிறது, ஓடை சேருவதற்கு முன் ஆற்றில் அந்த ஏற்றம் இல்லை என்று எழுதி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு கூடிய படங்களை இணைத்தால், அந்த நேரத்துக்கு அலுவலரை வரவழைக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. வரவில்லையென்றால், வராததும் பதிவாகிறது. பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனால் கையில் வெற்றுக் குற்றச்சாட்டு இருக்காது, நாட்குறிப்பு இருக்கும்.

அளந்த எண்களை எழுதிவைக்கும் எங்கள் ஊர்ப் பதிவேட்டை வைத்துத்தான் ஒருமுறை வாரியத்தின் பறக்கும் படையினர் நள்ளிரவில் வந்து, அனுமதியில்லாத ஒரு சிறு பட்டறையின் குழாயைக் கண்டுபிடித்தார்கள். குழாய் ஒரு மாட்டுக்கொட்டகைக்கு அடியில் போயிற்று. மாடுகள் இருந்தன, சாணிதான் இல்லை என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் பட்டறையின் பெயரை எழுதாதீர்கள். இடத்தையும் எண்ணையும் மட்டும் எழுதுங்கள், பெயரைக் கண்டுபிடிப்பது அலுவலரின் வேலை. பெயர் எழுதினால் மறுநாளே பதிவேடு பஞ்சாயத்தாகிவிடும், அந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

28 நவம்பர்

குப்பை பொறுக்குவோரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கோவையில் சிறுதுளி என்ற தன்னார்வ அமைப்பு 2003 முதல் குளங்களையும் நீர்வழிகளையும் மீட்கும் வேலையைச் செய்துவருகிறது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் குளக்கரைகளில் இறங்கி வேலை செய்கிறார்கள். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த வெள்ளலூர்க் குளத்துக்கு, அடைபட்டிருந்த வாய்க்காலைத் தூர்வாரி மறுபடியும் தண்ணீர் வரவைத்ததில் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. திருப்பூரில் நல்லாற்றின் நீரைப் பெறும் நஞ்சராயன் குளம், பறவை ஆர்வலர்கள் விடாமல் பட்டியல் எடுத்துக்கொடுத்ததால் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பறவை எண்ணுவதும் அளவைதான், மீட்டர் பிடிக்காதவர்கள் தொலைநோக்கி பிடிக்கலாம்.

ஆனாலும் குப்பை, சாக்கடை, உப்பு என்று முதல் நாள் எழுதிய பிரிவினையை நான் கைவிடவில்லை. குளக்கரையைச் சுத்தம் செய்வதால் சாக்கடை நிற்காது. கோவையில் உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, வேறு நிலையங்களும் இருக்கின்றன. நிலையம் வரை குழாய் வராத தெருக்களின் கழிவு ஓடை வழியாக நேரே ஆற்றுக்குத்தான் போகிறது. இதற்குத் தன்னார்வலர் செய்யக்கூடியது, எந்தத் தெருவின் சாக்கடை எந்த ஓடையில் விழுகிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடுவது. வார்டு உறுப்பினரிடம் குப்பை மூட்டையின் படத்தைக் காட்டினால் பாராட்டுவார். வரைபடத்தைக் காட்டினால் சங்கடப்படுவார், பதில் சொல்ல வேண்டி வரும்.

2 டிசம்பர்

கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்னும் ஜீரோ டிஸ்சார்ஜ் முறை வந்த பிறகு உப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.

2011 மூடலுக்குப் பின் திறந்த நிலையங்களில் கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகிறது, பிறகு ஆர்.ஓ. சவ்வுகளைக் கடக்கிறது. பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் கெட்டியான உப்புநீரைச் சில நிலையங்கள் தெளியவைத்து மறுபடியும் சாயமேற்றவே அனுப்புகின்றன, மற்றதை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். இதில் தூய உப்பு திரும்பப் பயன்படும். சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கார்பனேட்டும் சாயக்கசடும் கலந்த உப்பு ஒன்று மிஞ்சும், அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிறார்கள். தார்ப்பாய் கிழிந்தால், கூரை ஒழுகினால், அத்தனை செலவு செய்து ஆற்றிலிருந்து பிரித்த உப்பு மழையோடு மறுபடி ஆற்றுக்கு நடக்கத் தொடங்கும். மக்கள் குழுக்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுவும்தான், கொட்டகையைச் சென்சார் பார்ப்பதில்லை.

செலவு யார் தலையில் என்பதும் இதோடு சேர்ந்தது. எவாப்பரேட்டருக்கு வேண்டிய நீராவியும் ஆர்.ஓ.வுக்கு வேண்டிய மின்சாரமும் கிலோ துணிக்கான சாயக்கூலியில் ஏறுகின்றன. கூலி ஏறினால், வாங்குகிறவர் அதைவிடக் குறைவாகக் கேட்கும் பட்டறைக்குப் போகிறார், குறைவாகக் கேட்க முடிவது பெரும்பாலும் கழிவைச் சுத்திகரிக்காதவரால்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் சான்றிதழ் கேட்கின்றன, உண்மைதான். அவை டி-ஷர்ட்டுக்குக் கொடுக்கும் விலையில் அந்தச் சான்றிதழின் செலவு சேர்ந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முறையாக நடத்துகிற பட்டறைக்காரர்கள் சிலர் எங்கள் பதிவேட்டை ஆர்வமாகக் கேட்டு வாங்கிப் பார்த்தது இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்: திருட்டுக் குழாய் அவர்களுக்கும் எதிரி.

8 டிசம்பர்

“சரி, உங்களிடம் பணம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று முதல் வாசகர் நேராகக் கேட்டுவிட்டார்.

ஆறு நெடுக வைக்க மாட்டேன். முதலில் இரண்டே சென்சார்: மங்கலம் பாலத்தில் ஒன்று, காசிபாளையத்துக்குக் கீழே ஒன்று. மூன்றாவது, நான்காவதை ஆற்றில் வைக்காமல், ஜம்மனை ஓடை போல ஊருக்குள் ஓடி நொய்யலில் சேரும் ஓடைகளின் வாயில் வைப்பேன். மின்கடத்துதிறன், அமில காரத் தன்மை, வெப்பநிலை ஆகிய மூன்றும் போதும். நிறத்துக்கும் மற்றவற்றுக்கும் ஆசைப்பட்டால் விலை ஏறும், பழுதும் ஏறும். சாயத்தொட்டியிலிருந்து வரும் நீர் சூடாகவும் காரமாகவும் இருக்கும் என்பதால், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஏறினால் அது மழைநீர் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

பெட்டிச் சாவி இரண்டு இருக்க வேண்டும், ஒன்று ஆயக்கட்டு விவசாயிகளிடம், மற்றொன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சுத்திகரிப்பு நிலையத்திடம். இரு தரப்பு ஆளும் இருக்கும்போதுதான் திறந்து துடைக்க வேண்டும், துடைப்பதற்கு முன்னும் பின்னும் காட்டிய எண்ணை இருவரும் கையெழுத்திட்டு எழுத வேண்டும். அதே நேரத்தில் பாட்டில் தண்ணீரும் மொண்டு கை மீட்டரில் ஒப்பிட வேண்டும். எண் வாரியத்துக்குப் போவதோடு, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் வாரம் ஒருமுறை ஒட்டப்பட வேண்டும், ஏனென்றால் கைபேசியில் வரும் எண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறவர்கள் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

துடைக்கிறவருக்கும் மொள்ளுகிறவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். இதை எல்லோரும் தன்னார்வமாகவே நடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள், கல்யாண மாதத்தில் பாலத்துக்கு யாரும் வருவதில்லை. விதிமீறலுக்காக வசூலிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகையில் ஒரு சிறு பங்கை அந்தந்த ஆற்றுப் பகுதியின் அளவைச் செலவுக்கென்று ஒதுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வரைவைப் பார்த்துத் திருத்தித் தர நீர்வளத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், கணக்குத் தலைப்பு எது என்பதில் சிக்கிக்கொண்டிருக்கிறோம்.